திருச்சியில் உறங்கும் நவாப்... லண்டன் வரை போன அவரது ஓவியம்!

திருச்சி நத்தர்வலி தர்காவுக்குள் எத்தனையோ முறை போய் வந்திருப்பீர்கள். வேண்டுதலுக்காகப் போனவர்கள் உண்டு, சந்தனக்கூடு பார்க்கப் போனவர்கள் உண்டு. அந்த வளாகத்தில்தான் ஒரு காலத்தில் தமிழகத்தின் பெரும்பகுதியை ஆண்ட மனிதர் அடக்கமாகி இருக்கிறார். ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா. 1749 முதல் 1795 வரை, சுமார் 46 ஆண்டுகள் நவாப்பாக இருந்தவர்.

அவரது உடல் இங்கே. அவரது முகமோ பல ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி, பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் ஓவியச் சேகரிப்பில் இருக்கிறது. வெள்ளை மஸ்லின் அங்கி, கழுத்தில் முத்துச் சரங்கள், இடுப்பில் வாள் என, நின்ற கோலத்தில் ஆள் உயரத்துக்கு வரையப்பட்ட எண்ணெய் வண்ண ஓவியம். வரைந்தவர் ஜார்ஜ் வில்லிசன் என்ற ஸ்காட்லாந்துக்காரர்.

அந்த ஓவியத்தைப் பார்க்கும் யாரும், 'இவருக்கு என்ன குறை!' என்றுதான் நினைப்பார்கள். ஆனால், அது வரையப்பட்ட நாட்களில் நவாப்புக்கு வரவேண்டிய நிலவரியில் பெரும்பகுதி கடன்காரர்களிடம் அடமானத்தில் இருந்தது. பிறகு எதற்கு இந்தப் படம்? அதற்கான காசு யாருடையது?

ஸ்பெயினில் ஓர் ஓவியர்

'அரசவை ஓவியர்' என்றதும் உலகம் முழுக்க முதலில் சொல்லப்படும் பெயர், ஸ்பெயினின் தியேகோ வெலாஸ்கெஸ். 1599-ல் செவில் நகரில் பிறந்தவர். 1623-ல், தனது 24-வது வயதில் மன்னர் நான்காம் பிலிப்பின் அரசவை ஓவியரானார். மன்னருக்கு அப்போது 18 வயது. அதன் பிறகு 1660-ல் சாகும்வரை அந்த அரண்மனைதான் அவருக்கு எல்லாம்.

வெறும் ஓவியராக மட்டும் அவரை விடவில்லை. அரண்மனை அறைகளைப் பார்த்துக்கொள்வது, மன்னர் பயணம் போனால் தங்கும் இடம் ஏற்பாடு செய்வது என நிர்வாக வேலைகளும் அவர் தலையில்தான். இளவரசிக்குக் கல்யாணம் என்றால் அலங்காரமும் அவர் பொறுப்பு. அப்படி ஒரு கல்யாண வேலையை முடித்துவிட்டு வந்த சில வாரங்களில்தான் காய்ச்சலில் விழுந்து இறந்தார்.

சம்பளம்? அது பல நேரம் பாக்கியிலேயே நின்றது. காரணம் எளிது. பிலிப்பின் அரசு 1627, 1647, 1652 எனத் திரும்பத் திரும்பத் திவாலானது. கஜானா காலி. ஆனால், ஓவியத்தில் மன்னர் குதிரைமீது கம்பீரமாக அமர்ந்திருப்பார். வெளிநாட்டுத் தூதர்கள் அரண்மனைக்கு வந்தால் அந்த ஓவியங்களைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். 'இந்த ராஜா இன்னும் பெரிய ராஜாதான்' என்று சொல்வதே படத்தின் வேலை.

அடுத்த நூற்றாண்டில் அதே ஸ்பெயினில் பிரான்சிஸ்கோ கோயா வந்தார். அவர் 1775-ல் மாட்ரிட் நகரத்தில் அரண்மனைத் திரைச்சீலைகளுக்கு மாதிரிப் படங்கள் வரையும் வேலையில் சேர்ந்தார். 1789-ல் அரசவை ஓவியரானார். கோயா மாட்ரிட்டில் காலூன்றிய கிட்டத்தட்ட அதே நேரத்தில்தான், 1774-ல், ஜார்ஜ் வில்லிசன் மதராஸில் கப்பலை விட்டு இறங்கினார். அங்கேயும் ஒரு ராஜா, இங்கேயும் ஒரு ராஜா. இரண்டு இடத்திலும் ஓவியரிடம் எதிர்பார்த்தது ஒன்றைத்தான்: படத்தில் பவர் தெரிய வேண்டும்.

மலைக்கோட்டையில் மாட்டிக்கொண்ட இளைஞர்

முகமது அலி ஏன் திருச்சியில் அடக்கமானார் என்பதைப் புரிந்துகொள்ள 1749-க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஆம்பூரில் நடந்த போரில் அவரது தந்தை அன்வருதீன் கான் கொல்லப்பட்டார். எதிரே நின்றவர் சந்தா சாகிப். அவருக்குத் துணை பிரெஞ்சுக்காரர்கள். தந்தையை இழந்த முகமது அலி தப்பித்து ஓடி வந்து சேர்ந்த இடம் திருச்சி. நவாப் பட்டம் இருந்தது. ஆனால் ஆள்வதற்குக் கையில் இருந்தது இந்தக் கோட்டையும் இதைச் சுற்றிய ஊர்களும்தான்.

1751-ல் சந்தா சாகிப்பும் பிரெஞ்சுப் படையும் திருச்சியை முற்றுகை இட்டார்கள். முகமது அலிக்கு ஆங்கிலேயக் கம்பெனி துணைக்கு வந்தது. எதிரியின் கவனத்தைத் திருப்ப, ராபர்ட் கிளைவ் சில நூறு பேருடன் போய் ஆற்காட்டைப் பிடித்துக்கொண்டு 50 நாள் தாக்குப்பிடித்த கதை பாடப்புத்தகத்திலேயே உண்டு. அந்தச் சண்டையே திருச்சியைக் காப்பாற்றத்தான்.

பணமும் படையும் போதாமல், மைசூரிடமும் உதவி கேட்டார் முகமது அலி. பதிலுக்குத் திருச்சியையே தருவதாக வாக்குக் கொடுத்தார். மைசூர் படை வந்தது. ஆனால், காரியம் முடிந்த பிறகு திருச்சியைத் தரவில்லை. கையில் இல்லாததை வைத்து வாக்குக் கொடுப்பதும், பிறகு அதைத் தள்ளிப்போடுவதும் அவர் வாழ்க்கை முழுக்கத் தொடரப்போகிற பழக்கம்.

1752-ல் பிரெஞ்சுப் படையும் சந்தா சாகிப்பும் காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கம் தீவுக்குள் ஒதுங்கினார்கள். ரங்கநாதர் கோயில் மதில்களுக்குள்ளும், திருவானைக்காவலிலும் சிப்பாய்கள் தங்கினார்கள். வெளியே ஆங்கிலேயர், தஞ்சை, மைசூர் படைகள். அந்த ஜூனில் பிரெஞ்சுப் படை சரணடைந்தது. சந்தா சாகிப், தஞ்சைத் தளபதி மானோஜியின் கையில் சிக்கிக் கொல்லப்பட்டார்.

அதோடும் முடியவில்லை. அடுத்த இரண்டு ஆண்டுகள் திருச்சியைச் சுற்றிச் சண்டைதான். இன்று ரயில்வே பணிமனைக்குப் பெயர்பெற்ற பொன்மலையும் 1753-ல் போர்க்களமாக இருந்தது. பச்சைமலை அடிவாரத் துறையூர் தொடங்கி அரியலூர், உடையார்பாளையம் வரை இருந்த பாளையங்கள், யார் ஜெயித்தால் யாருக்குக் கப்பம் கட்டுவது என்று தெரியாமல் தவித்த காலம் அது.

முகமது அலி பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த நாளிலிருந்து ஆங்கிலேயருக்குக் கடன்பட்டவரும் ஆனார். படைச் செலவு முழுவதையும் கம்பெனி அவர் கணக்கில்தான் எழுதியது.

சேப்பாக்கத்தில் ஒரு தர்பார்

1763-ல் பாரிஸ் உடன்படிக்கையில் முகமது அலியின் பெயர் நவாப்பாக எழுதப்பட்டது. 1765-ல் முகலாயப் பேரரசரின் ஆணையும் வந்தது. இனி ஐதராபாத் நிஜாமுக்குக் கட்டுப்பட்டவர் அல்ல என்று அர்த்தம். காகிதத்தில் பார்த்தால் அவர் ஒரு சுதந்திர அரசர்.

1768 வாக்கில் சேப்பாக்கத்தில் அரண்மனை எழுந்தது. அதைக் கட்டியவர் என்று சொல்லப்படுபவர் பால் பென்ஃபீல்ட், கம்பெனியின் பொறியாளர். அவரே பின்னாளில் நவாப்பின் பெரிய கடன்காரர்களில் ஒருவரானார். வீட்டைக் கட்டிக் கொடுத்தவரே வட்டிக்கும் கொடுத்தார் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

கோட்டை வேண்டாம். புனித ஜார்ஜ் கோட்டையின் பீரங்கி நிழலிலேயே அரண்மனை. பாதுகாப்பு கிடைத்தது. ஆனால் கம்பெனி அதிகாரிகள் காலையில் எழுந்தால் நவாப்பின் வாசலைப் பார்க்கலாம் என்ற நிலையும் வந்தது.

கம்பெனியைத் தாண்டி, நேராக இங்கிலாந்து மன்னரோடு பேச வேண்டும் என்பது நவாப்பின் ஆசை. 'நானும் ராஜா, அவரும் ராஜா. நடுவில் இந்த வியாபாரிகள் எதற்கு?' என்பதுதான் அவர் எண்ணம். 1770-ல் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் நேரடிப் பிரதிநிதியாக சர் ஜான் லிண்ட்சே மதராஸ் வந்தபோது நவாப்புக்கு அத்தனை மகிழ்ச்சி. கம்பெனிக்கு அத்தனை எரிச்சல்.

மன்னருக்குக் கடிதம் எழுதலாம், பரிசு அனுப்பலாம். 1777-ல் இங்கிலாந்து ராணி சார்லட்டுக்கு நவாப் கொடுத்த வைரங்கள் இன்றும் 'ஆற்காடு வைரங்கள்' என்ற பெயரில் பேசப்படுகின்றன. ஆனால், வைரத்துக்கு முகம் கிடையாது. நேரில் லண்டன் போக முடியாத ஒரு ராஜா தன் முகத்தை அனுப்ப ஒரே வழி, ஓவியம்தான்!

வண்டிக்கு வர்ணம் அடித்தவர் மகன்

1769-ல் மதராஸ் வந்து இறங்கினார் டில்லி கெட்டில். 1735-ல் லண்டனில் பிறந்தவர். அப்பா குதிரை வண்டிகளுக்கு வர்ணம் பூசுபவர். லண்டனில் உருவப்படம் வரைபவர்களுக்குள் கடும் போட்டி. பெரிய பெயர் எடுத்தவர்களிடம்தான் பெரிய மனிதர்கள் போனார்கள். கெட்டில் வேறு கணக்குப் போட்டார். கம்பெனியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு கப்பல் ஏறிவிட்டார். இந்தியாவுக்கு வந்து தொழில் செய்த முதல் முக்கியமான பிரிட்டிஷ் ஓவியர் அவர்தான்.

அந்தக் கணக்கு பலித்தது. மதராஸில் இருந்த சுமார் இரண்டு ஆண்டுகளில் கம்பெனி அதிகாரிகள் வரிசையில் வந்தார்கள். நவாப்பும் அழைத்தார். நவாப்பைத் தனியாகவும், ஐந்து மகன்களுடன் சேர்த்தும் வரைந்தார் கெட்டில்.

நம் ஊர் சித்திரக்காரர்கள் அதுவரை செய்த வேலையிலிருந்து இது முற்றிலும் வேறு. முகலாய, தக்காணச் சிற்றோவியங்களில் அரசர் பெரும்பாலும் பக்கவாட்டு முகத்தோடு இருப்பார். கையடக்கத் தாள். கையில் எடுத்துப் பார்த்து ரசிக்க வேண்டியது. கெட்டில் கொண்டுவந்தது ஆள் உயரக் கேன்வாஸ், எண்ணெய் வண்ணம், நேர்ப் பார்வை. சுவரில் மாட்டினால் ஆளே வந்து நிற்பது போல இருக்கும். துணியின் மடிப்பும் முத்தின் மினுமினுப்பும் தெரியும். ஐரோப்பிய மன்னர்களை எப்படி வரைவார்களோ அதே பாணி. நவாப்புக்கு வேண்டியதும் அதுதான். 'உங்கள் ராஜாவுக்குச் சமமான ராஜா' என்று ஐரோப்பியர்களுக்குப் புரியும் மொழியிலேயே சொல்லும் படம்.

கெட்டில் பிறகு வடக்கே போய், அவத் நவாப் சுஜா உத் தௌலாவைப் பலமுறை வரைந்தார். அங்கிருந்த இந்திய ஓவியர்கள் அவர் படங்களைப் பார்த்துச் சிறிய அளவில் நகல் எடுத்தார்கள். கல்கத்தாவில் வாரன் ஹேஸ்டிங்ஸையும் வரைந்தார். 1776-ல் கைநிறையப் பணத்தோடு லண்டன் திரும்பினார்.

ஆனால், அங்கே அவருக்கு மவுசு இல்லை. சம்பாதித்தது கரைந்தது, கடன் வந்தது. 1786-ல் மறுபடி இந்தியாவுக்கே போய்விடலாம் என்று தரைவழியாகக் கிளம்பினார். சிரியாவின் அலெப்போ வரை வந்தது தெரியும். அதைத் தாண்டிய பாலைவனப் பயணத்தில் இறந்துபோனார். நவாப்களின் செல்வச் செழிப்பை வரைந்த கை, கடைசியில் பிழைப்புக்கு வழி தேடிப் போகும் பாதையிலேயே நின்றுவிட்டது.

ஆந்தை வரைந்தவர் வந்தார்

கெட்டில் விட்ட இடத்தைப் பிடித்தவர் ஜார்ஜ் வில்லிசன். 1741-ல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். தாய்மாமன் ஜார்ஜ் டெம்ப்ஸ்டர் நாடாளுமன்ற உறுப்பினர். கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநராகவும் இருந்தவர். மாமாவின் செலவில்தான் வில்லிசன் ரோமாபுரிக்குப் போய் ஓவியம் படித்தார். அங்கே 1765-ல் அவர் வரைந்த ஒரு படம் பிரபலம். எழுத்தாளர் ஜேம்ஸ் பாஸ்வெல் உட்கார்ந்திருக்க, தலைக்கு மேலே மரக்கிளையில் ஓர் ஆந்தை!

லண்டனில் அவருக்கும் பெரிதாகத் தொழில் அமையவில்லை. 1774-ல் மதராஸ். சுமார் ஆறு ஆண்டுகள் இங்கேதான். நவாப்புக்கு அவர் கைவேலை பிடித்துப்போனது. ஒன்றல்ல, பல படங்கள். ஒன்று மன்னருக்கு, ஒன்று கம்பெனியின் லண்டன் தலைமை அலுவலகத்துக்கு என்று, எங்கெல்லாம் தன் பேச்சு எடுபட வேண்டுமோ அங்கெல்லாம் தன் படத்தை அனுப்பினார் நவாப். கேன்வாஸைச் சுருட்டி, பெட்டியில் வைத்து, மாதக்கணக்கில் கடலில் போக வேண்டும். இன்றைக்கு ஒரு தலைவரின் படம் ஒரு நொடியில் உலகம் முழுக்கப் போவதோடு ஒப்பிட்டால் சிரிப்பு வரலாம். நோக்கம் மட்டும் மாறவே இல்லை.

படங்களை உற்றுப் பார்த்தால் ஒன்று புரியும். நவாப் ஐரோப்பிய உடை எதையும் அணியவில்லை. மஸ்லின் அங்கி, தலைப்பாகை, முத்து, வாள். எல்லாம் இந்த மண்ணின் அரசர் அடையாளம். ஆனால், நிற்கும் தோரணை ஐரோப்பிய மன்னருடையது. கம்பெனிக்காரர் ஒருவர்கூட அருகில் இல்லை. கடன் பத்திரம் எதுவும் மேஜைமேல் இல்லை.

படத்துக்கு வெளியே என்ன நடந்தது?

ஓவியர் சட்டகத்துக்குள் வைக்காத விஷயங்கள்தான் தமிழக மக்களின் கதை.

1764 அக்டோபரில், ஒரு காலத்தில் திருச்சியைக் காக்கும் சண்டையில் கம்பெனிக்காகவும் நவாப்புக்காகவும் போரிட்ட யூசுப் கான், அதாவது மருதநாயகம், மதுரையில் தூக்கிலிடப்பட்டார். வரி வசூலிலும் அதிகாரத்திலும் நவாப்போடு வந்த மோதல்தான் காரணம். அடுத்த ஆண்டே அரியலூர், உடையார்பாளையம் பாளையங்கள் மீது கம்பெனிப் படையோடு போய்க் கைப்பற்றியது நவாப் தரப்பு.

கெட்டில் மதராஸை விட்டுக் கிளம்பிய பிறகு, 1772 ஜூனில், நவாப் படையும் கம்பெனிப் படையும் காளையார்கோவிலைத் தாக்கின. சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். வேலு நாச்சியார் மகளோடு விருப்பாட்சிக்குப் போக வேண்டிவந்தது. 1773-ல் தஞ்சை. மராட்டிய மன்னர் துளஜாவைச் சிறைப்பிடித்து, காவிரிப் படுகையின் நெல் முழுவதையும் நவாப் தன் வசமாக்கினார்.

இவை எல்லாவற்றுக்கும் கம்பெனிப் படை தேவைப்பட்டது. அதற்குக் கூலி கொடுக்கக் கடன் தேவைப்பட்டது. கடனை அடைக்க இன்னொரு ஊரின் வரி தேவைப்பட்டது. சுழல் அப்படித்தான் பெரிதானது.

கடன் கொடுத்தவர்கள் யார்? கம்பெனியில் வேலை பார்த்த ஆங்கிலேயர்களேதான். சம்பளம் சில நூறு பவுண்டு. ஆனால் நவாப்புக்குக் கொடுத்த கடன் லட்சக்கணக்கில். பால் பென்ஃபீல்ட் மட்டும் 1776-ல் கோரிய தொகை 2,34,000 பவுண்டு. அதில் பெரும்பகுதிக்கு ஈடாகக் காட்டப்பட்டது தஞ்சை வயல்களின் விளைச்சல். நாற்று நட்டவர் தஞ்சை விவசாயி, அறுவடைமீது உரிமை கேட்டவர் மதராஸ் கட்டட கான்ட்ராக்டர்.

இந்த நேரத்தில்தான் ஆளுநராக வந்தார் லார்ட் பிகட். 1776 ஏப்ரலில் தஞ்சையைத் துளஜாவிடமே திரும்ப ஒப்படைத்தார். கடன்காரர்களுக்கு இது பொறுக்குமா? அதே ஆகஸ்ட்டில் ஆளுநரையே அவரது கவுன்சில் உறுப்பினர்கள் கைது செய்தார்கள்! மதராஸ் ஆளுநர், தன் சொந்த ஆட்களிடமே சிறைப்பட்டு, 1777 மே மாதம் காவலிலேயே இறந்தார். இந்தப் பிகட்டையும் வரைந்தவர் வில்லிசன்தான். நவாப்பும் கம்பீரம், பிகட்டும் கம்பீரம். இருவருக்கும் நடுவே இருந்த பகையைப் படங்களில் தேடினாலும் கிடைக்காது.

1780-ல் ஹைதர் அலி படையெடுத்து வந்தார். கர்நாடகப் பகுதி கிராமங்கள் எரிந்தன, பயிர் அழிந்தது, பஞ்சம் வந்தது. திருச்சியைத் தருவதாகச் சொல்லி ஏமாற்றப்பட்ட மைசூர் படையில் அன்று ஒரு படைவீரராக வந்து நின்றவர்தான் இந்த ஹைதர்.

1785-ல் லண்டன் நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் நவாப்பின் கடன்களைப் பற்றியே ஒரு நீண்ட உரை நிகழ்த்தினார். கடன்காரர்கள் தங்கள் பணத்தால் நாடாளுமன்ற இடங்களையே பிடித்துவைத்திருக்கிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. ஆனாலும், கடனை அடைக்க ஆண்டுக்கு 12 லட்சம் வராகன் ஒதுக்கும் திட்டமே நடைமுறைக்கு வந்தது. அந்த வராகன் எங்கிருந்து வரும்? ஆற்காடு, திருச்சி, மதுரை, நெல்லைச் சீமை வயல்களிலிருந்துதான்.

பின்னாளில் ஒரு விசாரணைக் குழு 25 ஆண்டுகள் உட்கார்ந்து கணக்குப் பார்த்தது. மொத்தம் சுமார் 3 கோடி பவுண்டுக்கு உரிமை கோரப்பட்டிருந்தது. அதில் நியாயமானது என்று ஏற்கப்பட்டது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு! கட்டாத கடனுக்கே ஒரு நாடு அடமானம் போயிருந்தது.

கடைசி அத்தியாயம்

வில்லிசன், கெட்டிலைப் போல் அல்லாமல் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டார். சேர்த்த பணத்தோடு ஸ்காட்லாந்து திரும்பி, எடின்பரோவில் வசதியாக வாழ்ந்து 1797-ல் இறந்தார். அவருக்குப் பின் 1785-ல் வந்த ஜான் ஸ்மார்ட், தந்தத் தகட்டில் உள்ளங்கைக்குள் அடங்கும் குட்டிப் படங்கள் வரைவதில் கெட்டிக்காரர். பத்தாண்டுகள் மதராஸில் இருந்து, வயதான நவாப்பையும் வரைந்தார். ஆள் உயரக் கேன்வாஸில் தொடங்கிய கதை, கடைசியில் உள்ளங்கை அளவுக்கு வந்து நின்றது.

1795 அக்டோபரில் முகமது அலி சென்னையில் காலமானார். உடல் திருச்சிக்குக் கொண்டுவரப்பட்டு நத்தர்வலி தர்காவில் அடக்கம் செய்யப்பட்டது. உயிர் பிழைக்க ஓடிவந்த ஊருக்கே கடைசியிலும் வந்து சேர்ந்தார். இதில் இன்னொரு விசித்திரம், அவரது பரம எதிரி சந்தா சாகிப்பின் சமாதியும் இதே தர்காவில்தான் இருக்கிறது.

அடுத்த ஆறு ஆண்டுகளில், 1801-ல், கம்பெனி கர்நாடகத்தின் ஆட்சியை முழுதாக எடுத்துக்கொண்டது. 1855-ல் நவாப் பட்டமும் ஒழிக்கப்பட்டது. 1867-ல் 'ஆற்காடு இளவரசர்' என்ற பட்டம் மட்டும் குடும்பத்துக்குத் தரப்பட்டது. சேப்பாக்கம் அரண்மனை அரசு அலுவலகமானது. இன்றைக்கு மேட்ச் பார்க்க ஸ்டேடியத்துக்குப் போகிறவர்கள் நடந்து போகும் வாலாஜா சாலையிலும், ராணிப்பேட்டை பக்கத்து வாலாஜாபேட்டையிலும் அவர் பெயர் மிச்சமிருக்கிறது.

யாரை வரைந்தார்கள், யாரை விட்டார்கள்?

இப்போது மறுபடி ஸ்பெயினுக்கு. வெலாஸ்கெஸை உலகம் இன்றும் கொண்டாடுவது மன்னர் படங்களுக்காக மட்டும் அல்ல. அரண்மனையில் வேடிக்கைக்காக வைத்திருந்த குள்ளர்களை, மன்னருக்குக் கொடுத்த அதே மரியாதையோடு வரைந்தார். 1650-ல் தன்னிடம் அடிமையாக இருந்த உதவியாளர் யுவான் தே பரேகாவை, தலை நிமிர்ந்த மனிதராக வரைந்தார். அதே ஆண்டு அவரை விடுவிக்கும் பத்திரத்திலும் கையெழுத்திட்டார். 1656-ல் அவர் வரைந்த 'லாஸ் மெனினாஸ்' படத்தில் சிறிய இளவரசி, தோழிகள், குள்ளர்கள், நாய், தூரிகையோடு ஓவியரே என எல்லோரும் இருக்கிறார்கள். ராஜாவும் ராணியும் பின்சுவர்க் கண்ணாடியில் மங்கலாகத் தெரிவதோடு சரி!

கோயா இன்னும் ஒரு படி மேலே போனார். மன்னர் குடும்பத்தைப் பட்டும் பதக்கமுமாக வரைந்த அவரே, 1808-ல் நெப்போலியன் படை மாட்ரிட்டில் பொதுமக்களைச் சுட்டுக் கொன்றதைப் பிறகு பெரிய ஓவியமாக்கினார். அரண்மனைக்கு வெளியே நடந்ததும் படத்துக்குள் வந்தது.

மதராஸுக்கு வந்த ஓவியர்களுக்கு அந்தத் துணிச்சலும் இல்லை, அதற்கான தேவையும் இல்லை. அவர்கள் வந்தது சம்பாதிக்க. வாடிக்கையாளர் கேட்டதை வரைந்து கொடுத்தார்கள். அதற்காக அவர்களைக் குறைசொல்லவும் முடியாது. ஆனால், அந்த முத்து மாலைகளுக்கான விலையை வரியாகக் கொடுத்த ஏரோட்டிக்கும் நெசவாளிக்கும் அந்தக் கேன்வாஸில் இடம் இல்லாமல் போனது.

அவர்களை வரைந்தது யார் தெரியுமா? நம் திருச்சிச் சித்திரக்காரர்கள்! அபிரகத் தகட்டின்மீது, உள்ளங்கை அளவில், கொத்தனார், குயவர், தயிர்க்காரி, பல்லக்குத் தூக்கி என்று அன்றாட மனிதர்களைச் செட் செட்டாக வரைந்து ஊருக்குப் போகும் வெள்ளைக்காரர்களிடம் விற்றார்கள். வரைந்தவர் பெயர் பெரும்பாலும் தகட்டில் இல்லை. ஆனால் 19-ம் நூற்றாண்டு திருச்சித் தெருவில் யார் நடந்தார்கள் என்பதைச் சொல்ல அவை இன்றும் லண்டன் மியூசியத்தில் இருக்கின்றன.

அடுத்த முறை நத்தர்வலி தர்காவுக்குப் போகும்போது நவாப்பின் சமாதி முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். அவர் லண்டனுக்கு அனுப்பிய படங்களில் கடன் இல்லை, தோல்வி இல்லை. ஆனால் அவருக்குக் கடைசியில் இடம் கொடுத்தது லண்டன் அல்ல, திருச்சி!

(அடுத்த வாரம்: அபிரகத் தகட்டில் அன்றைய திருச்சி)